டிவியில் வந்த அம்மாவின் பொன்மொழிகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது ஜாதகத்தாலோ சீர்வரிசையாலோ இல்லை, நான் எழுதிய புரோகிராமால். அதுவும் நன்றாக எழுதிய புரோகிராம் (இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்).

அப்போது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்த எங்கள் வீட்டு ஹால் டிவிக்கு நானே ஒரு டேஷ்போர்டு செய்து வைத்திருந்தேன். டிவியைப் போட்டால் மணி என்ன, மழை வருமா, ஆபீஸ் வழியில் எவ்வளவு டிராஃபிக் எல்லாம் ஒரே திரையில் தெரியும். கீழ்ப்பாதி சும்மா கிடந்தது. அங்கே பொன்மொழி போடலாமே என்று தோன்றியது. தமிழில் பொன்மொழி தரும் இலவச ஏபிஐ ஒன்று கிடைத்தது. என் புரோகிராம் மணிக்கு ஒருமுறை எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் 'ஒன்று கொடு' என்று கேட்கும். அது உழைப்பு, பொறுமை, தாய்மை என்று கைக்கு வந்த எதையாவது, சொன்னவர் பெயரோடு அனுப்பும்.

அதோடு விட்டிருக்கலாம். ஏபிஐ பதில் தராவிட்டால் திரை காலியாகிவிடுமே என்று முன்யோசனையாக ஒரு மாற்று ஃபைலும் வைத்தேன். சோதித்துப் பார்க்க அதில் பத்து வரி வேண்டும். பக்கத்து அறையில் அம்மா தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததை அப்படியே தட்டினேன். சொன்னவர் பெயர் வருகிற இடத்தில் 'சரோஜா' என்று அம்மா பெயரையே போட்டேன். அப்புறம் அழித்துவிடலாம் என்று எண்ணம். (எங்கள் தொழிலில் 'அப்புறம்' என்றால் ரிட்டயரான அப்புறம்.)

முரளியும் நானும் மூன்று வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம். ஒக்கலிபுரத்திலிருந்த அவன் அம்மா மல்லிகா ஒரு வருடம் முடியவே முடியாது என்று இருந்துவிட்டு, கடைசியில் "ஒரு தடவ வந்து பாக்கறேன், பாத்துட்டுச் சொல்றேன்" என்று இறங்கி வந்தார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முரளி அம்மா பேச்சைத் தாண்டுகிற ஆள் இல்லை. அதை அவனே என்னிடம் சொல்லியிருந்தான், என்னவோ பெரிய தகுதி மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, எனக்கு ஒரு கவலை வந்தது. மணிக்கு ஒரு பொன்மொழி என்றால் வருங்கால மாமியார் என் திறமையை எப்போது பார்ப்பது? பத்து விநாடிக்கு ஒன்று என்று மாற்றினேன்.

மல்லிகா அம்மா கேசரி பிளேட்டோடு சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார். "பொண்ணே பண்ணதா இது? பரவால்லியே" என்றார். அப்பா என்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இலவசமாகக் கேட்பவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை தடவைதான் என்று அந்த ஏபிஐக்காரர்கள் அளவு வைத்திருந்தார்கள். நான் அதைப் படிக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் அளவு தீர்ந்து ஏபிஐ கையை விரித்தது. உடனே என் மாற்று ஃபைல், நான் எழுதிய மாதிரியே, ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்தது.

'வர்றவங்களுக்குக் கேசரி பத்தலன்னா பிளேட்டையும் சேத்துத் தின்னுடுவாங்க. – சரோஜா'

இவர்கள் வரப்போவதைப் பற்றி அம்மா சித்தியிடம் போனில் சொன்னது. ஆனாலும் ஒரு தைரியம். முரளி வீட்டில் எல்லோரும் கன்னடம் படித்தவர்கள், முரளிக்குத் தமிழில் 'அ' கூடத் தெரியாது. ரிமோட்டைத் தேடினேன். அதன் மேல்தான் மல்லிகா அம்மா உட்கார்ந்திருந்தார்.

"கே... சரி... பத்... தலன்னா" என்று அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினார். "நான் குடியாத்தத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவ கண்ணு. பெங்களூர் வந்தப்புறம் தமிழ் வாசிக்க சான்ஸே கிடைக்கல. கொஞ்சம் நிறுத்தி வையேன், ஓடிப்போயிடுது."

அம்மா காபித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"சரோஜாங்கறது யாருங்க, பெரிய ரைட்டரா?" என்றார் மல்லிகா அம்மா.

"இவங்கதான்" என்று அப்பா பெருமையாக அம்மாவைக் காட்டினார். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

அதற்குள் திரை மாறியது. 'பையன் சுமார்தான். நம்ம வீட்டுதுக்கு அதுவே ஜாஸ்தி. – சரோஜா'

மல்லிகா அம்மா கடைசி எழுத்து வரை சத்தமாக வாசித்து முடித்தார். "ஏனாயித்து? என்னம்மா போட்டிருக்கு?" என்று முரளி மட்டும் கன்னடத்தையும் தமிழையும் கலந்து கேட்டான். மூன்று வருடம் போச்சு என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, அம்மா மேல தப்பில்ல. எல்லாம் நான் எழுதினது" என்றேன்.

"பொய் சொல்லாதடி" என்று அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "நான் சொன்னதுதாங்க. வாய்க்கொழுப்பு. மனசுல வெச்சுக்காதீங்க."

மல்லிகா அம்மா முரளியை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நானும் கிளம்பறப்போ வீட்ல இதையேதான் சொல்லிட்டு வந்தேன். பொண்ணு சுமார்தான், நம்ம பையனுக்கு அதுவே ஜாஸ்தின்னு." சொல்லிவிட்டுத் தன் பிளேட்டை அம்மாவிடம் நீட்டினார். "கேசரி இன்னும் கொஞ்சம் வைங்க சம்பந்தி. பிளேட்டாவது தப்பிச்சிக்கட்டும்."

கல்யாணம் ஆகி எட்டு வருடம் ஆகிறது. இன்றும் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் மாமியார் என் தோளில் கைபோட்டு, "இவதான் என் மருமக. சுமார்தான்" என்றுதான் அறிமுகம் செய்வார். வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இதுவரை ஒருத்தர்கூட மறுத்துப் பேசியதில்லை.