இருபத்து மூன்று மார்க் மூளை

மனித மூளையின் முன்னேற்றத்துக்காக உலகத்துப் பெருநகரங்கள் எத்தனையோ செய்திருக்கலாம். ஆனால் புக்கிட் காத்திலுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் தாமான் கெம்பாங் மாஸ் குடியிருப்பு செய்த தொண்டுக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. வளரிளம் பிள்ளைகளின் அறிவை வளர்க்க அங்கே ஒரு கழகமே இருக்கிறது. கழகத்துக்கு ஒரு பதாகை, பதாகைக்கு ஒரு துணைக்குழு, துணைக்குழுவுக்கு மாதம் ஒருமுறை மீ கோரெங் நூடுல்ஸ் விருந்து. செயலாளர் புவனேந்திரன். ஆயர் குரோ பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருப்பது அவருக்குப் பிழைப்பு. கூட்டம் நடத்துவதுதான் உயிர்.

கழகத்தின் புரவலர் தொழிலதிபர் சின்னத்தம்பி. கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால், பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை அவருடையது. பொழுது சாய்ந்ததும் அங்கிருந்து கிளம்பும் புகையைக் குறை சொன்னவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். பாலாய் ராயா மண்டபத்துக்கு அவர் ஏர்கோன் போட்டுக் கொடுத்த பிறகு ஜன்னல்களை மூடிவிட்டார்கள். புகைப் பிரச்சினை அத்துடன் 'சுமுகமாக'த் தீர்ந்தது.

புவனேந்திரனுக்கு இருந்த ஒரே கவலை மகள் லக்ஷனா. பதினான்கு வயது. வீடு கடைசி வரிசையில் மூலைவீடு. சின்ன வயதில் தேவாரப் போட்டியில் ஒரு சொல் பிசகாமல் பாடியவள், இப்போது பாதிப் பாட்டில் நின்று கூரையைப் பார்க்கிறாள். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் தலைவலி என்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் சீறுகிறாள். ஹேண்ட்போன்தான் காரணம் என்று கழகம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. புவனேந்திரன் வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுத்தார். சின்னத்தம்பியின் ஆதரவில் நடந்த ஞாபகசக்தி முகாமில் சேர்த்தார். பரீட்சைக்கு முன் பேனாவைக் கோயிலில் வைத்து அர்ச்சனை செய்தார். எதுவும் பலிக்காதபோது வாய்க்கு வந்தபடி திட்டினார். பேனா நன்றாகத்தான் எழுதியது. பிள்ளைதான் எழுதவில்லை.

இந்த நேரத்தில்தான் டாக்டர் பராசக்தி வந்தார். யாழ்ப்பாண வழிவந்த குடும்பம், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். 'வளரிளம் பருவத்து மூளை வளர்ச்சி ஆய்வு' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பெற்றோர் வாசல்வரை வரிசை கட்டினார்கள். 'மூளை', 'வளர்ச்சி' என்ற இரண்டு சொற்களுக்கு மேல் ஒருவர் காதிலும் எதுவும் ஏறவில்லை. பிள்ளைகள் புதிர்களை விடுவித்தார்கள், எண்களைத் தலைகீழாகச் சொன்னார்கள், போகிற போக்கில் கையை நீட்டி ரத்தமும் கொடுத்தார்கள்.

சில வாரம் கழித்து வீட்டுக்கு வீடு குறுஞ்செய்தி வந்தது. பிள்ளையின் பெயர், பக்கத்தில் ஓர் எண், கீழே 'விளக்கத்துக்கு உடனே அழைக்கவும்.' ஒருவரும் அழைக்கவில்லை. பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் எண் இருந்தால் அது என்னவென்று பெற்றவர்களுக்கு விளக்க வேறு வேண்டுமா?

லக்ஷனாவுக்கு இருபத்து மூன்று. தாமானிலேயே முதலிடம்.

"அப்பா, நான் அந்தப் புதிர பாதிதான் செஞ்சேன். எப்படிப்பா பர்ஸ்ட்டு வரும்?"

"தன்னடக்கம் வேணாம் லா. உனக்கு உள்ள என்ன இருக்குன்னு எடுத்து அளந்திருக்காங்க!"

சொல்லும்போதே அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலையே மலர்க்கொடி வந்தாள். தாமான் நுழைவாயிலை ஒட்டிய வீடு. மகன் கவிநேசன் வகுப்பில் எப்போதும் முதல். அவனுக்கு வந்திருந்தது நான்கு.

"மானமே போச்சுண்ணே. நாலு லா, நாலு! எங்க வீட்டுக்காரரு என்கூட பேசறதே இல்ல. இது எத்தனைக்குண்ணே?"

"இருவத்தஞ்சுக்கா இருக்கும்."

"அப்ப லக்ஷனாவுக்கு ரெண்டுதான் கொறையுது! எந்த டியூஷன்?"

டியூஷன் இல்லை என்பது புவனேந்திரனுக்குத் தெரியும். ஆகவே ஆராய்ந்தார். கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கெல்லாம் பெரிய எண். வாசல் பக்கம் வர வர எண் இறங்கியது. பெரிய படிப்பாளிகள் கருவிகளோடு வந்து கண்டுபிடிக்க வேண்டியதை, அவர் ஒரு குவளை மைலோ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

"இடராசி. ஆலைக்குப் பக்கத்துல மூளை நல்லா வேலை செய்யுது."

வாரம் திரும்புவதற்குள் மலர்க்கொடி கடைசி வரிசையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். கவிநேசன் புத்தகமும் தலையணையுமாகப் புகைக்குப் பக்கத்தில் குடியேறினான்.

கழகம் பாராட்டு விழா எடுத்தது. மேடை நடுவில் சின்னத்தம்பி, மேசையில் அவர் வாங்கித் தந்த கோப்பைகள். அழைக்காமலே வந்த டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தி, "ரெண்டே வார்த்தை" பேச அனுமதித்தார்கள்.

"ஒருத்தரும் எனக்கு போன் பண்ணேல்லை" என்று டாக்டர் தொடங்கினார்.

"டாக்டர், எத்தனைக்கு?" முன்வரிசையிலிருந்து மலர்க்கொடி கேட்டாள்.

"எத்தனைக்கும் இல்லையம்மா. இது மார்க் இல்லை. பிள்ளையளின்ர ரத்தத்தில இருக்கிற ஈயம். பூச்சியமா இருக்கவேணும். அஞ்சு எண்டாலே நாங்கள் பயப்பிடுவம்."

பெற்றோர் ஹேண்ட்போனை எடுத்து அந்த எண்ணை மறுபடி பார்த்தார்கள்.

"இந்த வயசில மூளையின்ர முன்பக்கம் இன்னும் கட்டி முடியேல்லை. கவனம், ஞாபகம், கோவத்தை அடக்கிறது எல்லாம் அங்கதான். வீடு கட்டிக்கொண்டிருக்கேக்கையே கரையான் ஏறினா எப்பிடி? பிள்ளையளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. ஈயம் வாற இடத்தை நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டினா பழையபடி ஆயிருமா டாக்டர்?" புவனேந்திரனின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"போனது எல்லாம் திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

மலர்க்கொடி மகனை நோக்கிப் பாய்ந்தாள். "டேய் கவிநேசா, மார்க்கும் வேணாம் மண்ணும் வேணாம்டா, வீட்டுக்கு வந்துரு!" குறைந்த மார்க்குக்காக ஒரு தாய் மகனைக் கட்டிக்கொண்டது அந்தத் தாமானில் அதுவே முதல் தடவை.

சின்னத்தம்பி சிரித்த முகம் மாறாமல் ஒலிவாங்கியை இழுத்தார். "யாரும் பயப்படாதீங்க. ஈய விழிப்புணர்வுக்கு ஒரு முகாம் போடுவோம். முழுக்க என் ஸ்பான்சர்!" அந்தச் சொல்லுக்குத் தட்டிப் பழகிய கைகள் தாமாகவே தட்டின.

மேடைப் படியில், பரிசுக்காக நின்றுகொண்டிருந்த லக்ஷனா அப்பாவின் சட்டைக்கையை இழுத்தாள். "அப்பா, அப்ப நான் சோம்பேறி இல்லியா?"

புவனேந்திரன் மகளின் தலையைத் தடவினார். பிறகு பெரிய கோப்பையை எடுத்துக்கொண்டு ஒலிவாங்கிக்குப் போனார். வந்தது பழகிப்போன செயலாளர் குரல்தான்.

"அவைக்கு வணக்கம். அடுத்த அங்கம், முதல் பரிசு. இந்த இருவத்து மூணுக்காக என் மகள் எந்த முயற்சியும் எடுக்கல. பொழுது சாஞ்சதுலேருந்து விடியற வரைக்கும் உழைச்சது நம்ம புரவலர் ஐயா. கைதட்டி ஒத்துழைச்சது நம்ம கழகம்."

கோப்பையைச் சின்னத்தம்பியின் மடியில் வைத்தார்.

"புடிங்க ஐயா. இத்தனை நாளா எம்புள்ளைக்கு நான் குடுத்த திட்டும் உங்களுக்குச் சேர வேண்டியதுதான். அதையும் சேர்த்து வாங்கிக்குங்க."