மகளின் அறைக்குச் சூடு

மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று தியாகராஜா, அறையைச் சூடாக்கும் றேடியேற்றரைத் தடவிப் பார்த்தார். அடிப்பக்கம் இளஞ்சூடு. மேற்பக்கம் ஐஸ்.

ஜதுர்ஷிகாவுக்கு அபர்டீனில் வேலை. அன்று வெள்ளிக்கிழமை இரவு லண்டனில் மிச்சம் பகுதியிலுள்ள வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். போன கோடைக்கு முன் வந்தவள், அறை குளிர்கிறது என்று ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டாள். பிறகு வரவேயில்லை. இந்தமுறை அந்தச் சாட்டு அவளுக்குக் கிடைக்கக்கூடாது.

"உள்ளுக்குக் காத்து நிக்குது. திறந்துவிட்டாச் சரி" என்று மனைவி சிவமலரிடம் சொல்லிவிட்டு, றேடியேற்றரின் ஓரத்து ஆணியில் சின்னத் திறப்பைப் போட்டுத் திருகினார். காற்றுச் சீறியது. உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் திருக, ஆணி கையோடு வந்தது. கறுப்புத் தண்ணீர் பீறிட்டுப் புதுப் போர்வையை நனைத்தது.

தடுமாறி ஆணியைப் பூட்டி முடிப்பதற்குள் தண்ணீரின் அழுத்தம் இறங்கி, குசினியில் வீட்டுக்கே சூடு தரும் பொயிலர் நின்றுவிட்டது. ஒரு அறை குளிர்ந்த வீட்டில் இப்போது எல்லா அறைகளும் குளிர்ந்தன.

வீடியோ ஒன்றைப் பார்த்து, பொயிலருக்குக் கீழேயிருந்த குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றினார். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. சரி, அதற்குள் போர்வையை மாற்றலாம் என்று மேலே போனார். திரும்பி வந்தபோது முள் சிவப்பில் நின்றது; பொயிலர் மட்டும் எழும்பவில்லை. வெளிச்சுவர்க் குழாயால் கொட்டிய தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடியது. அந்த வீட்டு மெற்றில்டா கதவைத் தட்டி, இது எப்போது நிற்கும் என்று மரியாதையாகக் கேட்டார். கதையைக் கேட்டு மனமிரங்கித் தன் மின்சார ஹீற்றரையும் கொடுத்தார். அதை மகளின் அறையில் போட்டதும் டப்பென்று வீடே இருண்டது. வெளிச்சம் திரும்பியது. ஹீற்றர் திரும்பவில்லை.

"நீங்கள் இனி ஒண்டையும் தொடாதேங்கோ" என்று சிவமலர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பக்கத்து டூட்டிங்கில் பொயிலர் திருத்தும் ஜெஸ்ரினுடன் பேசிவிட்டு வந்து, அவன் திங்கட்கிழமைதான் வருவானாம் என்றார்.

தியாகராஜா படிக்கட்டில் உட்கார்ந்தார். வெகுநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகளை அழைத்தார்.

"பிள்ளை, வீட்டில சூடு இல்லை. நீ குளிருக்குள்ள கஷ்டப்படாத. அடுத்த மாசம் வாவன்."

மறுபக்கத்தில் ரயிலின் இரைச்சலுக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"நான் ட்ரெயின்ல ஏறிட்டன், அப்பா. கோட் இருக்கு. வாறன்."

வழக்கமாக அவள் சாப்பிட்டதும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கீழே இருவரும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கூரையில் அவள் நடக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் வந்துபோவது என்பது அவர்களுக்கு அவ்வளவுதான்.

இந்தமுறை மேலே மனிதர் இருக்க முடியவில்லை. மெத்தைகளைக் கீழே ஹோலுக்கு இழுத்துவந்து, வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் குவித்து, மூவரும் ஒன்றாகக் கிடந்தார்கள். அப்பாவின் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் பொத்தியபடி, பழைய வேலை பறிபோனதையும், புது வேலை கிடைக்கும்வரை அறைக்குள் அழுதுகொண்டு கிடந்ததையும் ஜதுர்ஷிகா சொன்னாள். போனில் அத்தனை நாளும் "ஐ'ம் ஃபைன்" என்றவள். தியாகராஜா சில்லிட்டிருந்த அவளுடைய பாதங்களைத் தன் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை போகும்போது, அடுத்த மாதமும் வருவதாக அவளே சொன்னாள்.

திங்கள் காலை ஜெஸ்ரின் வந்தான். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் பொயிலர் உறுமியது. மேலறை றேடியேற்றரும் முழுதாகச் சுட்டது. ஆளில்லாத அறையில் அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்த்த தியாகராஜாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்திருந்தா என்ர பிள்ளை குளிருக்குள்ள கிடந்திருக்க மாட்டாள், தம்பி."

ஜெஸ்ரின் சாமான் பையை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"நான் அண்டைக்குப் பின்னேரமே வாறன் எண்டனான், அண்ணை. சிவமலர் அக்காதான் போனில, பிள்ளை திரும்பிப் போனாப் பிறகு வந்தாப் போதும் எண்டவ."