செய்தி வாசிப்பவரின் பச்சைக் கன்னமும் என் தையல் மெஷினும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன், நான் எல்லாரும் சுகம். டிவி மட்டும் சுகமில்லை. அங்கே நீங்கள், அத்தை, சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் புது டிவி மூவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நேரில் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பெண், நீங்களே "ஊமைக்கோட்டான்" என்று பெயர் வைத்த பெண், இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று ஆச்சரியப்பட வேண்டாம். வாயால் சொல்ல வராமல்தான் எழுதுகிறேன். எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. அதைத் தீர்க்க உங்களால்தான் முடியும், ஏனென்றால் அதற்குக் காரணமே நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படிக்கவும்.

நீங்கள் புது டிவி வாங்கியபோது, பின்னால் தொப்பை வைத்த பழைய டிவியை எங்களுக்குக் கொடுத்தீர்கள். வந்த புதிதில் அது தங்கமாக ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் செய்தி வாசிக்கிறவரின் இடது கன்னம் பச்சையாகிவிட்டது. "அவருக்கு ஒடம்பு சரியில்ல போல" என்றான் அண்ணன். மறுநாள் அவருக்குப் பதிலாக ஓர் அம்மாள் வந்து வாசித்தார். அவருக்கும் அதே கன்னம். போகப் போகப் பச்சை நெற்றிக்கு ஏறியது, ஓரத்தில் ஊதாவும் சேர்ந்துகொண்டது, மேல் மூலையில் இருப்பதெல்லாம் வளைய ஆரம்பித்தது. பந்தாட்டத்தில் கோல் கம்பம் நாய்வால் மாதிரி சுருண்டு நின்றது. அம்மா பார்க்கிற தொடரில் கதாநாயகி அழுதால் கண்ணீரோடு சேர்ந்து மூக்கும் வழிந்தது. அம்மா அதற்கும் அழுதாள்.

டிவி மக்கர் செய்தால் அடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆளுக்கு ஓர் இடம் உண்டு. அப்பா வலது விலாவில், அம்மா தலையில், அண்ணன் முதுகில். ஒருவர் இடத்தில் இன்னொருவர் அடிக்க மாட்டார்கள். நான் மட்டும் அடிப்பதில்லை, மாமா கொடுத்த பொருளாயிற்றே என்கிற மரியாதைதான். அதுவே எனக்கு வினையாகிவிட்டது. "எல்லாரும் அடிச்சுப் பாத்தாச்சு, சரியாகல. இவ ஒருத்திதான் கிட்டயே போகல. அப்ப கோளாறு இவ பக்கம்தான் இருக்கு" என்றார் அப்பா. என் பக்கம் என்ன இருந்தது? தையல் மெஷின் இருந்தது.

மாமா, அது காலால் மிதிக்கிற மெஷின். அதில் மின்சாரம் என்பதே கிடையாது. படிப்பை விட்டதிலிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். கூடத்து ஜன்னலோரம், யார் வந்தாலும் கதவு மறைக்கிற மூலையில் அதைப் போட்டு, பக்கத்து வீடுகளின் கிழிசல், ஓரம், கொக்கி என்று தைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் நிம்மதியாக இருந்தேன். அப்பா சொல்கிறார், "நீ மிதிக்கிறப்ப தரை அதிருது. தரை அதிர்ந்தா டிவி அதிருது. டிவி அதிர்ந்தா கலர் கலங்கிப் போகுது." அண்ணன் அதற்கு மேல் ஒரு படி போய், "அதிர்வு இல்லப்பா, இரும்பு. இத்தனை இரும்பு கிட்ட இருந்தா கலரை இழுக்காம என்ன செய்யும்" என்றான். அப்படியானால் டிவியை ஒட்டி நிற்கிற பீரோ என்ன, அட்டையா என்று நறுக்கென்று கேட்டேன். மனதுக்குள்தான் கேட்டேன்.

மெக்கானிக்கும் வந்தார். டிவியின் முதுகைக் கழற்றி ஊதினார். உள்ளே இருந்த தூசி முழுவதும் நான் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தது. "பிக்சர் டியூபுக்கு வயசாயிடுச்சு சார். வயசானா யாருக்கும் கன்னம் ஒரு பக்கம் தொங்கத்தானே செய்யும்" என்று சொல்லி அப்பாவின் கன்னத்தைப் பார்த்தார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவசரமாக, "இந்த மெஷினால இருக்குமோ?" என்று கேட்டார். வந்தவர் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டே, "இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தீர்ப்பு எழுதியாயிற்று. மெஷினைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டார்கள்.

இனிமேல்தான் கொடுமை. தூக்கும்போது அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்பு வலிக்கென்று நீங்கள் அனுப்பினீர்களே ஒரு காந்தப் பட்டை, அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் டிவியைப் போட்டால் செய்தி வாசிக்கிறவரின் கன்னத்தில் பச்சை பாதியாகக் குறைந்திருந்தது. மறுநாள் சுத்தமாக இல்லை. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அம்மாவுக்கு வலி குறைந்து நடமாட ஆரம்பித்ததும் பச்சை திரும்பி வந்தது. "மெஷின் இன்னும் ஒட்டினாப்லதான இருக்கு, தள்ளணும்" என்று கீழ்ப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

காரணத்தை நான் கண்டுபிடித்தேன் மாமா. பட்டை சூடாக இருந்தால் இதம் என்று அம்மா அதைக் கட்டாத நேரத்தில் டிவியின் மேல்தான் போட்டு வைப்பாள். தூசி தட்ட அதை எடுத்தேன். என் ஜாக்கெட்டில் குத்தியிருந்த குண்டூசிகள் எல்லாம் பாய்ந்து போய் அதில் ஒட்டிக்கொண்டன. சந்தேகப்பட்டுப் பட்டையைத் திரைக்கு முன்னால் காட்டினேன். வாசிக்கிறவரின் மூக்கு அது போகிற பக்கமெல்லாம் கூடவே போனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா மூக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "என் தம்பி ஆசையா வாங்கி அனுப்புனது, அதைப் போய்க் குத்தம் சொல்றியே. உங்கப்பன் புத்தி அப்படியே உனக்கு" என்றாள். சரி, அப்பாவிடமே சொல்லலாம் என்று வாக்கியத்தையெல்லாம் தயார் செய்துகொண்டு அவர் நாற்காலி பக்கத்தில் போய் நின்று, "அப்பா" என்றேன். "மறைக்காத, தள்ளி நில்லு" என்றார். தள்ளி நின்றேன்.

இப்போது நான் படிக்கட்டில் உட்கார்ந்து தைக்கிறேன். ஏறுகிறவர், இறங்குகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். "எதுவரைக்கும் படிச்ச? ஏன் விட்டுட்ட?" என்கிறார்கள். மூன்றாம் மாடி நர்ஸ் அக்கா இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை கேட்கிறார். தைக்கிற துணியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறேன். ஒரு தவறும் செய்யாத என் மெஷின் படிக்கட்டில், தவறு செய்த பட்டை வீட்டு நடுவில். இது என்ன நியாயம்? ஆகவே நீங்கள் உடனே அப்பாவுக்கு எழுத வேண்டும். குற்றவாளி பட்டைதான், மெஷினை உள்ளே கொண்டுவரவும் என்று தெளிவாக எழுத வேண்டும். நீங்கள் சொன்னால் அம்மாவும் தட்ட மாட்டாள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் விளக்கும் திரையும் என்றும் தெளிவாக இருக்கட்டும்.

தங்கள் அக்கா மகள்.

பின்குறிப்பு: தபால்தலை கேட்க வெட்கப்பட்டு இந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். அதற்குள் நர்ஸ் அக்கா ஒரு பேன்ட்டைக் கொடுத்து உயரம் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அவர் கூட வேலை செய்கிறவர்கள் மூட்டையாகக் கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க, முடிச்சு வெக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். இந்த நேரம் பார்த்து அப்பா நேற்று, "கீழ கொண்டு போயும் டிவி பச்சையாத்தான் இருக்கு, மெஷின் மேல தப்பில்ல. பாவம் புள்ள, உள்ளயே வந்துடட்டும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டையை எடுத்து என் துணிமூட்டைக்குள் ஒளித்துவிட்டேன். இன்று டிவி பளிச்சென்று இருக்கிறது. "சொன்னேன்ல, தூரம் பத்தல, அவ்வளவுதான். அங்கயே கெடக்கட்டும்" என்று அப்பா பழையபடி மீசையைத் தடவுகிறார். அம்மா பட்டையைத் தேடுகிறாள். பாவம், நானே இடுப்பைப் பிடித்துவிடுகிறேன். ஆகையால் மாமா, மேலே எழுதிய எதையும் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். அப்பாவுக்கு ஒரு வரி மட்டும், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதவும்: டிவி கெட்டதற்கு மெஷின்தான் காரணம், அதை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் விட வேண்டாம்.