கொடிக்கம்பத்தின் நிழல்

அருள்ராணி டீச்சருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வரும் என்பது மேலிடத்துக்குத் தெரியாமல் இருந்தவரை யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. கீரனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் இறக்கி, அவரவர் நிழலையும் கொடிக்கம்பத்தின் நிழலையும் அளக்கவைத்து, கம்பத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார். கணக்கென்றாலே காய்ச்சல் வரும் பிள்ளைகூடச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அளந்துகொண்டிருக்கும்.

இந்தச் சங்கதி ஒரு பயிற்சிக் கூட்டத்தில் அவர் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பயிற்சி ஒருங்கிணைப்பாளர் வசந்தகுமார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"மேடம், இம்புட்டு நல்லா கிளாஸ் எடுக்கிறவங்க கிளாஸ்ல இருக்கலாமா? மத்த டீச்சருங்களுக்கு யாருங்க சொல்லிக்கொடுக்கிறது?"

"சார், எம் பிள்ளைங்களுக்குப் பப்ளிக் பரீட்சை வருது. பாடம் பாதியில நிக்குது."

"இந்த அக்கறை இருக்கு பாருங்க, இதைத்தான் ஊரு ஊராக் கொண்டுபோகணும்!"

உடனே அனைவரும் மழைக் கைத்தட்டல் தட்டினார்கள். ஒற்றை விரலில் தூறலாக ஆரம்பித்து, ஐந்து விரலில் பேய்மழையாக முடிகிற தட்டல். அது இல்லாமல் எந்தப் பயிற்சியும் முறைப்படி நிறைவுற்றதாகக் கருதப்பட மாட்டாது. பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் வகுப்பறைவரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததும் அது ஒன்றைத்தான்.

அன்றுமுதல் அருள்ராணி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கும் 'கருத்தாளர்' ஆனார். இன்று பொன்னமராவதி, நாளை மீமிசல். ஜன்னல் சாத்திய ஏசி ஹாலில் வெயிலுக்கு எங்கே போவது? ஆகவே கொடிக்கம்பத்தைத் திரையில் காட்டினார்கள். வந்திருந்த ஆசிரியர்கள் நிழலைச் சார்ட்டில் வரைந்து, அதற்குப் பச்சைக் கலர் அடித்துச் சுவரில் ஒட்டினார்கள்.

"மேடம், இப்ப எங்க கிளாஸை யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டார் ரம்யா என்கிற புது டீச்சர்.

"எங் கிளாஸைப் பாத்துக்கிறவங்கதான்," என்றார் அருள்ராணி. அங்கே அப்படி யாரும் இல்லை.

தன்னை விடுவிக்கும்படி மனு எழுதிக் கொடுத்தார். மனு ரொம்பத் தெளிவாக இருந்ததால், தெளிவாக மனு எழுதுவது எப்படி என்ற பயிற்சிக்கும் அவரையே போட்டுவிட்டார்கள்.

பரீட்சை நெருங்கிய சமயத்தில், எதிர்காலத் தொழில் வழிகாட்டல் நிகழ்ச்சிக்காக வசந்தகுமார் அந்தப் பள்ளிக்கே வந்தார். கூடவே கருத்தாளர் அருள்ராணியும், தன் வகுப்புக்கே விருந்தாளியாக. கரும்பலகையில் அவர் பாதியில் விட்டுப்போன கணக்கு அப்படியே இருந்தது. யார் அழித்தாலும் பரவாயில்லை, யாராவது முடித்திருக்கக் கூடாதா!

"நீங்கல்லாம் என்னவா ஆகப்போறீங்க?" என்றார் வசந்தகுமார்.

பிரகதீஸ்வரி எழுந்தாள். "கருத்தாளர் சார்."

"ஏம்மா, டீச்சராகலையா?"

"டீச்சர்னா கிளாஸ் எடுக்கணுமே சார். கருத்தாளருன்னா ஏசியில இருந்துக்கிட்டு வடை சாப்பிடலாம். வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ பாத்தோம்."

"நாங்களும் அதேதான் சார்!" என்று மொத்த வகுப்பும் கை தூக்கியது.

வசந்தகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே தெளிவான இலக்கு! தூக்கிய கை இறங்குவதற்குள் போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். அந்த வேகம் அடங்காமல் பக்கத்தில் திரும்பினார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. அடுத்து என்னவாகணும்னு ஆசை?"

அருள்ராணி வெளியே பார்த்தார். கொடிக்கம்பத்தின் நிழல் அளக்க ஆளில்லாமல் கிடந்தது.

"டீச்சராகணும் சார்."

வசந்தகுமார் செல்போனைத் தடவிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அதுக்கென்ன மேடம், திங்கக்கிழமை அதுக்குன்னே ஒரு பயிற்சி இருக்கு. கருத்தாளர் நீங்கதான்!"

பிள்ளைகள் ஒற்றை விரலில் தூறலை ஆரம்பித்தார்கள். பழக்கதோஷம், அருள்ராணியும் சேர்ந்து தட்டினார்.