ஓடாத லேத்

கழிவு ஆயிலில் சாம்பலைக் குழைத்து லேத்தின் மேல் அப்பிவிட்டு, வீரராகவன் கை கழுவப் போனார். திரும்பி வந்தால் லேத் பளபளவென்று நிற்கிறது. பக்கத்தில் ஆபரேட்டர் ஷவுகத் அலி, கையில் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியோடு.

"எவனோ பேமானி அசிங்கம் பண்ணி வெச்சிட்டான் மொதலாளி. தொட்ச்சிட்டேன்."

வீரராகவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருக்கென்று இருந்தது ஒரு தகரக் கொட்டகையும் இந்த ஜெர்மன் லேத்தும்தான். தொண்ணூற்றிரண்டில் தவணையில் வாங்கியது. பாதித் தவணை கட்டுவதற்குள், விற்ற கம்பெனி ஜெர்மனியில் திவாலாகிவிட்டது. வாங்கினவன் திவாலாவது ஊரில் நடப்பதுதான். விற்றவன் திவாலாகி இவர் தூக்கத்தைக் கெடுத்தால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

வக்கீல் ஜெயராமன் வேறு பயமுறுத்தி வைத்திருந்தார். "கடைசித் தவணை கட்டற வரைக்கும் லேத் அவங்க சொத்துதான் சார். அங்க கோர்ட்டுல ஒருத்தரை நியமிச்சிருக்காங்க. கம்பெனி சொத்து எந்த மூலையில இருந்தாலும் தேடிப் பிடிச்சு, கடன் கொடுத்தவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கறதுதான் அவர் வேலை. நாளைக்கு இங்க வராரு."

"நாம கேஸ் போட்டா?"

"ஹாம்பர்க்லதான் போடணும். ஒப்பந்தத்துல அப்படித்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போகவே பஸ் கிடைக்காத மனுஷன் வீரராகவன்.

லேத் போனால் பட்டறைக்குப் பூட்டுதான். ஓட்டை உடைசல் என்று நினைத்து, வரப்போகிற வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போகட்டும் என்பது அவர் யோசனை. ஷவுகத்திடம் சொல்லலாம்தான். ஆனால் அவரிடம் சொன்ன ரகசியம் டீ ஆறுவதற்குள் பக்கத்து ஊர் பாடி வரைக்கும் போய்விடும்.

சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றி டிபன் பைக்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். காலையில் வந்தால் லேத் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

"பெல்ட்ட எவனோ அடிச்சிகினு பூட்டான் மொதலாளி. நம்ம நஜீரு மாவு மில்லாண்ட கெஞ்சிக் கூத்தாடி கயட்டிகினு வந்தேன். அங்க பொம்பளைங்க தூக்கு சட்டியோட நின்னுகினு திட்டுறாங்க. திட்டட்டும், நமக்கு லேத்துதான் முக்கியம்."

இனி மறைத்துப் பயனில்லை. வீரராகவன் விஷயத்தைக் கொட்டினார். ஷவுகத்தின் முகம் சுருங்கிப் போனது.

"ஒரு நாளு நோவுன்னு நின்னதில்ல. இத்தப் போயி..." என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே மோட்டார் ஒயரைப் பிடுங்கினார். பிறகு கியர் பெட்டியைத் திறந்து இரண்டு கை மணலையும் அள்ளிப் போட்டார்.

"ஐயோ, ஒயரே போதும்யா!"

"செய்யுறத முழுசா செய்வோம் மொதலாளி."

கார் வந்தது. வெள்ளைக்காரரும், அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வனஜா என்ற பெண்ணும் இறங்கினார்கள். அவர் லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது ஓடுதான்னு கேக்கறார்," என்றாள் வனஜா.

"எங்க மேடம்? செத்து ஒரு வருஷம் ஆச்சு," என்றார் வீரராகவன்.

வெள்ளைக்காரர் விடவில்லை. "கொஞ்சமாவது ஓடுமான்னு கேக்கறார்."

"மூச்சே இல்ல."

"ரிப்பேர் பண்ணினா?"

ஷவுகத் வாயைத் திறந்தார். வீரராகவன் அவர் காலை நறுக்கென்று மிதித்தார். "பண்ணினாலும் ஓடாது மேடம். எழுதியே கொடுக்கறேன்!"

எழுதியும் கொடுத்தார். வெள்ளைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

வீரராகவன் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். எத்தனையோ நாளுக்கப்புறம் ஒழுங்காக மூச்சு வந்தது. "டீ சொல்லு ஷவுகத். மணலை மெதுவா எடுத்துக்கலாம்."

டீ வருவதற்குள் ஒரு லாரி பின்பக்கமாக வந்து வாசலை அடைத்தது. டிரைவர் குதித்து இறங்கி, சங்கிலியை இழுத்து வந்து லேத்தில் மாட்டினார்.

"யோவ், என்னய்யா பண்றே?"

"என்னாண்ட கத்தாத நைனா, ஓடுற மிஷினுக்கெல்லாம் கட்ன தவணையே போதும்னு ஓட்றவங்களாண்டயே எழுதிக் குட்த்துட்டு வர்றாரு தொர, ஓடாதத மட்டும்தான் பழைய இரும்புக்கு எட போட சொல்லிகீறாரு!"