ஏழாம் கேள்வி: தகப்பனார் பிறந்த இடம்

முப்பத்திரண்டு வருடம் கச்சேரியில் (பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்கக் கச்சேரி) குப்பை கொட்டிய ஒருவனிடம் யாரும் ஆலோசனை கேட்க வேண்டியதில்லை. அவனே தேடி வந்து சொல்லிவிட்டுப் போவான். நான் தேடிப் போனது என் மகளின் கடையை.

கோமதி மாத்தளை நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கண் பரிசோதிக்கப் படித்தவள். பரிசோதனைக்கு ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ஆனால் கண்ணாடி அளவு எழுதிய சீட்டு கைக்கு வந்ததும், ஒன்றிரண்டு கண்ணாடிப் பிரேமைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றேங்க" என்று கண்டிக்குப் பஸ் ஏறி, அங்கேயுள்ள பெரிய கடையில் கண்ணாடி வாங்கிக்கொண்டார்கள். வருட முடிவில் கடையின் குத்தகை முடிகிறது. அதற்குள் நிலைமை மாறாவிட்டால் கடையை மூடிவிட்டு, அதே கண்டிக் கடையில் சம்பளத்துக்குப் போய்விடுவதென்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

"அப்பா, ஒரு பிஸ்னஸ் கோச் வைக்கலாம்னு பாக்குறேன்" என்றாள் ஒருநாள்.

"கோச்சா? கடைய வச்சுக்கிட்டு கிரிக்கெட்டா ஆடப் போற?"

"பர்வீன் அக்கான்னு ஒருத்தங்க. அவங்களே கண்ணாடிக் கடை நடத்தினவங்க. இப்ப என்னைய மாதிரி தனியா கடை வச்சிருக்கவங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்க."

"சொல்லிக் குடுக்க நான் இருக்கேன்ல?"

அவள் பேசவில்லை. கோப்பில் எதிர்ப்பு எழுதப்படாவிட்டால் சம்மதம் என்று பொருள். (நடைமுறை தெரியாதவர்கள்தான் இதை மௌனம் என்பார்கள்.)

ஒரு வாரம் கடை மூலையில் உட்கார்ந்து ஆராய்ந்தேன். நோய் உடனே பிடிபட்டது. வருகிறவர்கள் பாட்டுக்கு வருகிறார்கள், போகிறார்கள். ஒரு பதிவு கிடையாது. ஆகவே ஒரு படிவம் தயாரித்தேன். இருபத்திரண்டு கேள்விகள். எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும் என்பதற்காக எழுத்தைக் கொஞ்சம் பொடியாகப் போடச் சொன்னேன். ஐந்நூறு பிரதிகள். இன்றைக்கும் சொல்கிறேன், என் சேவைக்காலத்தில் அதைவிட ஒழுங்கான படிவம் என் மேசையிலிருந்து வெளியேறியதில்லை. கோமதியிடம் காட்டினேனா? இல்லை. பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் எதற்குக் காட்ட வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து முப்பது பேர் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். கோயில் கமிட்டி ஏற்பாடு. முப்பது கண்ணாடி ஒரே ஓடரில். "இது கெடைச்சா குத்தகைய புதுப்பிச்சிருவேன்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கோமதி பரிசோதனை அறைக்குள் கருவிகளைத் தயார் செய்யப் போனாள். முன்பக்கம் என் பொறுப்பு.

எல்லோர் கையிலும் ஒரு படிவம், ஒரு பேனை கொடுத்து உட்கார வைத்தேன். முப்பது பேரும் தாளைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தார்கள். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தார்கள். மறுபடி நீட்டினார்கள். கடையே உடற்பயிற்சி வகுப்பு மாதிரி இருந்தது. நான் அதை ஆர்வம் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்குத் தலைவி மாரியாயி. நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அவர்தான் வாய் திறந்தார். "ஐயா, இத வாசிக்க முடிஞ்சா நாங்க ஏங்க மலையெறங்கி வர்றோம்?"

நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான கேள்விகளால் என்னை அசைக்க முடிந்திருந்தால் முப்பத்திரண்டு வருடம் தாக்குப் பிடித்திருப்பேனா? "நானே வாசிக்கிறேன், பதிலச் சொல்லுங்க" என்று எழுந்து நின்று, கச்சேரிக் குரலில் தொடங்கினேன். பெயர். விலாசம். பிறந்த திகதி. எல்லாம் சுமுகமாகப் போனது.

"ஏழு. தகப்பனார் பிறந்த இடம்."

முப்பது பேரும் தாளை மடியில் கவிழ்த்தார்கள்.

தோட்டத்து மக்களுக்கு அது வெறும் கேள்வியல்ல. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி மறுக்கப்பட்ட பிரஜாவுரிமைக்காக இரண்டு தலைமுறை அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி அலைந்தது. எனக்கு இது தெரியாதா? என் குடும்பமும் அதே வரிசையில் நின்றதுதான். ஆனால் பழைய படிவம் ஒன்றின் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துப் புதிய படிவத்துக்குச் சதை வைக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால், மூளையை யாரும் கலந்தாலோசிப்பதில்லை.

"எங்கப்பன் பொறந்த எடத்தக் கேட்டுக் கேட்டே பாதி ஆயுசு போயிருச்சு" என்றார் மாரியாயி மெதுவாக. "கண்ணாடி போடவும் அது வேணுங்களா?"

"பயப்படாதீங்க. இது வெறும் நடைமுறைதான்" என்றேன்.

அதைவிடப் பயங்கரமான ஒரு வார்த்தையை அவர்களிடம் நான் சொல்லியிருக்க முடியாது. பின்வரிசையில் ஒரு குரல்: "மறுபடியும் இந்தியாவுக்கு அனுப்பப் பதியுறாங்க போல. எந்திரிங்கடி!" ஐந்து நிமிடத்தில் வேன்கள் போய்விட்டன. கோமதி கதவைத் திறந்து, "மொத ஆள வரச் சொல்லுங்கப்பா" என்றபோது வாங்குப் பலகைகளில் படிவங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தன. ஒன்றை எடுத்து வாசித்தாள். ஏழாவதில் நின்றாள். தொலைபேசியை எடுத்துப் பர்வீனை அழைத்தாள்.

திங்கட்கிழமை பர்வீன் வந்தார். கையில் கோப்பு இல்லை, குறிப்புப் புத்தகம்கூட இல்லை. (அப்போதே எனக்கு மரியாதை போய்விட்டது.) என்னை முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தார்.

"அங்கிள், ஒங்கட கண்ணாடியக் கழட்டிட்டு இந்த பிரேமப் போட்டுப் பாருங்க."

என் கண்ணாடி இல்லாமல் எனக்கு எட்ட இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. எதிரே ஒரு பனிமூட்டம் தெரிந்தது, அதில் ஒரு பூசணிக்காய். ஆனால் தோற்கக் கூடாதே.

"கம்பீரமா இருக்கு" என்றேன்.

"என்ன கலரு?"

"கறுப்பு."

கோமதி இரண்டு நாளைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். அது பூப்போட்ட சிவப்பு. பெண்களுக்கானது.

"இதான் விஷயம்" என்றார் பர்வீன். "வெறும் பிரேமப் போட்டா அவங்களுக்கு அவங்கட மொகமே தெரியாது. அதச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் அப்புறம் வர்றேன்டு சொல்றாங்க. போன்ல படம் எடுங்க. பழைய கண்ணாடியப் போட்டு அந்தப் படத்தப் பாக்கச் சொல்லுங்க. இன்னொண்டு கோமதி, சீட்டக் கையில குடுக்கிறது கண்டிக்கு டிக்கெட் வெட்டிக் குடுக்கிற மாதிரி. நீங்களே கூட்டிட்டு வந்து பிரேம் காட்டுங்க."

இதற்கு ஒரு கோச்சா? இதை நானே கண்டுபிடித்திருப்பேன். (இருபத்து மூன்றாவது கேள்வியாக.)

"கடைசியா, அந்த முப்பது பேர்ட்டயும் அங்கிள் போய் மன்னிப்புக் கேக்கணும்."

மன்னிப்பு என்ற சொல் எந்தச் சுற்றுநிருபத்திலும் கிடையாது. விளக்கம் அளிக்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு கோமதி கருவிகளைத் தூக்கிக்கொள்ள, நான் எழுதிய விளக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையேறினோம். கோயில் மண்டபத்தில் பனி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. மாரியாயியைப் பார்த்ததும் விளக்கத்தின் முதல் வரி மறந்துவிட்டது. "தப்புத்தாங்க" என்று மட்டும் வாயில் வந்தது. அது தயாரிக்கப்படாத அறிக்கை. அதற்கு நான் பொறுப்பல்ல.

கோமதி அவர் கண்ணைச் சோதித்து, வில்லைகளை மாட்டி, வாசித்துப் பார்க்க ஒரு தாளை நீட்டினாள். என் படிவம். எழுத்துப் பொடியாக இருந்ததால் கிட்டத்தில் வைத்து வாசிப்பதைச் சோதிக்க அதைவிட நல்ல அட்டை கிடைக்காது என்று பர்வீன் சொல்லிவிட்டாராம். எனக்குத் தெரிவிக்கவில்லை.

மாரியாயி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தார். பெயர். விலாசம். ஏழாவதுக்கு வந்து, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஐயா, ஒங்கப்பா எங்க பொறந்தாரு?"

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பத்திரங்களில் அந்த இடத்தில் எப்போதும் ஒரு கோடுதான்.

"தெரியாதுங்க" என்றேன்.

"அப்ப ஒங்களுக்குக் கண்ணாடி கெடையாது" என்றார்.

மண்டபம் சிரித்து அடங்கச் சற்று நேரமானது. பிறகு முப்பது பேரும் வரிசையில் வந்தார்கள், நான் ஒழுங்குபடுத்தாமலேயே.

கடை நடக்கிறது. குத்தகை புதுப்பிக்கப்பட்டது. பர்வீன் மாதம் ஒருமுறை வருகிறார், இன்னும் கோப்பு இல்லாமல். கோச்சினால் கடை பிழைத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தக் கடையில் தினமும் வாசிக்கப்படும் ஒரே ஆவணம் நான் எழுதியது.

வீட்டில் மட்டும் நிலைமை மோசம். இரண்டாவது கோப்பைத் தேநீர் கேட்டால் கோமதி சமையலறையிலிருந்து கேட்பாள்: "தகப்பனார் பிறந்த இடம்?"

"தெரியாது."

"அப்ப கெடையாது."

பதில் நிரப்பப்படாத கோப்பை மூட முடியாது என்பது நடைமுறை. ஆகவே நாளைக்கும் தேநீர் கேட்பேன்.