பை-டூ காபியும் ஒரு நடுநிலைக் கட்டுரையும்

பக்கம் சாராதவர் என்றோர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். ஊர் பற்றி எரிந்தால் குடத்தோடு ஓடமாட்டார்; நெருப்பின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று பேனாவைத் திறப்பார். மைசூர்ச் சீமையில் இந்த இனத்தின் உச்சம், சமூகவியல் பேராசிரியர் சிவநஞ்சப்பா.

காலையில் கல்லூரிக் கேண்டீனில் பை-டூ சொல்வார். ஒரு காபியை இரண்டு தம்ளரில் சரிபாதியாக ஊற்ற வேண்டும். குனிந்து பார்த்து, அளவு ஒத்துப்போனால்தான் குடிப்பார். கட்டுரையும் அப்படித்தான். அடிபட்டவனுக்கு ஒரு பத்தி என்றால் அடித்தவனுக்கும் ஒரு பத்தி; அழுகை என்பது 'உணர்ச்சிவசப்பட்ட கூற்று', அடி என்பது 'கூறப்படும் சம்பவம்'. 'ஒருபுறம்' என்று கிளம்பிய வாக்கியம் 'மறுபுறம்' போய்ச் சேராவிட்டால், மெல்லாமலே வழுக்கி இறங்குகிற ராகிக் களியுருண்டையான முத்தெகூட அவர் தொண்டையில் நின்றுவிடும்.

இவரிடம் வந்து சேர்ந்தது கரிகெரே காபிக்கடை விவகாரம்.

அவர் துறையிலேயே தற்காலிக விரிவுரையாளராக இருக்கும் கெம்பய்யாவின் தம்பி செலுவன், தன் ஊர்க் காபிக்கடையில் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தான். சேரிப் பையன் உட்காரலாமா? கையை முறித்துவிட்டார்கள். 'அவனே வழுக்கி விழுந்தான்' என்றார் கடைக்காரர் ஜவரப்பா. அந்தக் கடையில் தீண்டாமை உண்டா, இல்லையா என்று ஆராய்ந்து எழுதும்படி மாவட்டக் குழு பேராசிரியரைக் கேட்டுக்கொண்டது. உண்டு என்றால் வழக்கு நிற்கும். இல்லை என்றால் செலுவன் பொய்யன்.

கெம்பய்யாவை வழிகாட்டச் சொல்லி, பேராசிரியர் நேரிலேயே போனார். ஜவரப்பா வாசலிலேயே கேட்டார்:

"வாங்க ஸ்வாமி. நீங்க எந்த ஜனம்?"

எந்தப் பக்கமும் இல்லாத மனிதர் என்ன சொல்லியிருப்பார்? தயங்கவே இல்லை. சாதியைச் சொன்னார், உட்பிரிவோடு சொன்னார், மடத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஜவரப்பா தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்துவிட்டார். கெம்பய்யாவை யாரும் கேட்கவில்லை. அவர் யாரென்று ஊருக்கே தெரியும். வெளியிலேயே நின்றார்.

"ஒரு பை-டூ குடுப்பா," என்றார் பேராசிரியர்.

வந்தது. ஒரு பாதி எவர்சில்வர் தம்ளரில், அவர் கைக்கு. மறுபாதி காகிதக் கப்பில், வெளியே குட்டைச்சுவர் மேல்.

"என்ன ஜவரப்பண்ணா, எனக்கு மட்டும் காகிதமா?" என்றார் கெம்பய்யா.

"சுத்தம்ப்பா, சுத்தம்! குடிச்சமா, வீசினமான்னு போயிடலாம்."

"அப்ப சாருக்குச் சுத்தம் வேணாமா?"

"தம்பிக்குக் கை நீளம், அண்ணனுக்கு வாய் நீளமா? அவன் கை என்னாச்சுன்னு பாத்தல்ல?"

கெம்பய்யா கப்பைத் தொடவில்லை. "சார், கேட்டீங்கல்ல? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பேராசிரியர் எழுந்தார். அப்பாடா, வாயைத் திறக்கப்போகிறார் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? கெம்பய்யாவும் அப்படித்தான் நினைத்தார். பேராசிரியர் வெளியே வந்தார், குனிந்தார், காகிதக் கப்புக்குள் எட்டிப் பார்த்தார், தம் தம்ளரை அதன் அருகில் பிடித்து ஒப்பிட்டார்.

"சரிபாதிதான் கெம்பய்யா. உணர்ச்சிவசப்படாதீங்க. நாம ஆராய்ச்சி பண்ண வந்திருக்கோம்."

கட்டுரையிலும் அதையே எழுதினார்: 'பரிமாறப்பட்ட காபியின் அளவில் எவ்வித வேறுபாடும் காணப்படவில்லை. பாத்திரத்தைப் பொறுத்தவரை இருவேறு கருத்துகள் நிலவுகின்றன.' மாவட்டக் குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது. கருத்துகள் இரண்டு என்றால் குற்றம் ஏது? விவகாரத்தை முடித்துவிட்டார்கள். செலுவனின் கை கோணலாகக் கூடியது. அதில் கருத்து ஒன்றுதான்.

கருத்தரங்கில் கட்டுரைக்குப் பலத்த கைத்தட்டல். 'எங்கும் சாயாத நடை' என்றார் தலைவர். கெம்பய்யா மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்:

"சார், அன்னிக்கு அந்தக் கப்பை மாத்திக் குடிச்சிருப்பீங்களா?"

"அது ஆய்வின் எல்லைக்கு வெளியே," என்றார் பேராசிரியர், தண்ணீரை ஒரு மிடறு குடித்துக்கொண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'ரொம்ப ஒருதலைப்பட்சமாக இருக்கிறதே, ஜவரப்பா பக்கத்தையும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே' என்று உங்களுக்கு மெல்லத் தோன்றுகிறதா? தோன்றட்டும். கையிலிருக்கும் காபியை முடிப்பதற்குள், அளவைப் பார்க்காமல், அது எதில் வந்தது என்று மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.